உலைப்பக்கத்து மூலை

புதன்கிழமை காலை ஆர்டிஸ் தன் மூலையில் வந்து உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தபோது, அங்கே இருந்தது அவளுடைய தையல் இல்லை.

கட்டைவிரலை வைத்துத் தடவினாள். தன் தையல் எதுவென்று தெரியாத பெண் கிடையாது. தன் இருமல் எதுவென்று தெரிவதுபோல அது. ஆர்டிஸின் தையல் இடப்பக்கம் கொஞ்சம் சாயும். இது சாயவில்லை. குருணையை எடுத்து வரிசையாக வைத்ததுபோல நேராக, சின்னதாக இருந்தது. தன்னுடையதைவிடச் சின்னது.

குனிந்து, போர்வையை இழுத்துக் கட்டியிருந்த மரச்சட்டத்தின் அடியில் தலையை விட்டு, அதன் பின்புறத்தைப் பார்த்தாள். திங்கட்கிழமை அந்த மூலையைத் தைக்கும்போது ஊசி அவள் நடுவிரலில் ஏறி, பின்துணியில் ஒரு சொட்டு ரத்தம் பட்டிருந்தது. நூல்துண்டை வாயில் போட்டு நனைத்து ஒற்றி எடுத்தாள். அவரவர் ரத்தத்தை அவரவர் எச்சில்தான் எடுக்கும். எடுத்தும் கடுகளவு மங்கல் மிச்சம் இருந்தது. இப்போது அதையும் காணோம். துவைத்தே விட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு தலையை வெளியே எடுத்தாள்.

யாரும் அவளைப் பார்க்கவில்லை. அதுவும் சரியாகப் படவில்லை.

வடக்கு டகோட்டாவின் அந்தச் சின்ன ஊரில் ஆர்டிஸ் வெகுகாலம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். முதுகுக்குப் பின்னால் நடப்பதைக் கண்ணாடியில் பார்த்தே பழகிய கண். எந்தப் பையன் எவனுடைய குல்லாவை ஜன்னல் வழியாக எறியப் போகிறான் என்பது எறிவதற்கு முன்பே அவளுக்குத் தெரியும். பேருந்தை விட்ட பிறகும் கண் ஓயவில்லை. சர்ச் விருந்துக்குக் கொண்டுபோகும் பாத்திரத்தின் அடியில் பெயர் எழுதி ஒட்டுவாள், மூடியின் உட்புறத்திலும் ஒட்டுவாள். கத்தரிக்கோலை நாடாவில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வாள். முட்டைக்காரனிடம் முட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் வாங்கியதில்லை. மற்றபடி நல்ல மனுஷி என்றுதான் ஊரில் பெயர். யார் வீட்டில் சாவு என்றாலும் முதலில் போய் நிற்கும் பாத்திரம் அவளுடையது. திருப்பி வாங்க வரும் முதல் ஆளும் அவள்தான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் சர்ச்சின் கீழ்த்தளத்தில் மூச்சுவிட நேரம் இருக்காது. முதியோர் இல்லத்துக்கு மடிப்போர்வைகள், ஏழைப் பிள்ளைகளுக்குக் கையுறை வைத்த கூடைகள், செவ்வாய்க்கிழமை ஊருக்கெல்லாம் மீன் விருந்து, சனிக்கிழமை மாலை பிள்ளைகளின் நாடகம். இந்த வருஷம் இதற்கு மேல் ஹோவ்லண்ட் வீட்டுப் போர்வையும் சேர்ந்துகொண்டது. புகைபோக்கியில் பிடித்த தீயில் அந்த வீடு தரைமட்டமாகி, தாயும் மூன்று பிள்ளைகளும் நெடுஞ்சாலை ஓரத்து விடுதியில் ஒரே அறையில் இருந்தார்கள். தூரதேசத்துக்கு அனுப்பும் போர்வை என்றால் அங்கங்கே நூலை விட்டு முடிச்சுப் போட்டு முடித்துவிடலாம். வீடு எரிந்தவர்களுக்கு முடிச்சுப் போர்வை கொடுக்கிற வழக்கம் அங்கே இல்லை. சட்டத்தில் கட்டி, எல்லோருமாகச் சுற்றி உட்கார்ந்து, மேல்துணியும் பஞ்சும் பின்துணியும் ஒன்றாகப் பிடிக்கும்படி ஓரத்திலிருந்து நடுவரைக்கும் கையால் தைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

நீலமும் வெள்ளையுமாகச் சதுரங்கள். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி. கட்டடத்துக்கே சூடு கொடுக்கும் உலை அறைக் கதவை ஒட்டிய மூலை ஆர்டிஸுக்கு. அங்கேதான் கால் சுடச்சுட இருக்கும். அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

புதன்கிழமை எல்லோரும் இடம் மாறி உட்கார்ந்திருந்ததைக் கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தாள். வெர்லீன் ஆர்டிஸின் கணவன் லாய்டின் தங்கை. சர்ச் சாவி அவளிடம்தான் இருக்கும். எப்போதும் ஆர்டிஸுக்கு வலப்பக்கம் உட்காருகிறவள், அன்று எதிர்வரிசைக்குப் போயிருந்தாள். பக்கத்தில் உட்காரக் கூச்சமாக இருக்கும் என்று ஆர்டிஸ் நினைத்தாள். அவள் இடத்தில் நடீன் வந்து நின்றாள்.

நடீன் அறுவடை முடிந்த சமயத்தில் கேன்சஸிலிருந்து வந்தவள். அவள் கணவன்தான் தானியக் கிடங்குக்குப் புது மேலாளர். அதிகம் பேசமாட்டாள். வந்த முதல் நாளே தன் ஊசியும், ஊசி குத்தாமல் விரலில் மாட்டும் தன் அங்குஸ்தானும் கொண்டுவந்திருந்தாள். திங்கட்கிழமை அவளுக்குக் கிடைத்தது எதிர்க்கோடி மூலை, மாடிப்படிக்குக் கீழே, கதவு திறக்கும்போதெல்லாம் பனிக்காற்று அடிக்கிற இடம். புதிதாக வருகிறவர்களுக்கு அதுதான்.

"இங்க உக்காந்துக்கட்டுமா?" என்றாள் நடீன். உட்கார்ந்தவள் ஆர்டிஸின் மூலைப் பக்கம் கையை நீட்டி, அந்தச் சின்னத் தையல்களை ஒரு விரலால் தடவினாள். தன் பிள்ளையின் தலையைத் தடவுவதுபோல. "விட்ட எடத்துலேர்ந்து ஆரம்பிச்சுடறேன்."

விட்ட இடம். ஆர்டிஸுக்குக் காது சூடானது. செய்ததையும் செய்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லியும் காட்டுகிறாள்.

"தாராளமா" என்றாள்.

என்ன நடந்திருக்கும் என்பதை அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அது எப்படி நடக்கும் என்பது அந்த அறையில் மூத்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். முன்பு ஹுல்டா ப்ரெக்கெ என்று ஒருத்தி இருந்தாள். தங்கமான மனசு. தையல் மட்டும் நீளநீளமாக, கால் நகம் போய் மாட்டிக்கொள்கிற மாதிரி இருக்கும். அவளிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. மாலையில் அவள் வீட்டுக்குப் போன பிறகு, பாத்திரம் கழுவ வேண்டியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு நாலுபேர் பின்தங்குவார்கள். ஒரு பாத்திரமும் கழுவமாட்டார்கள். ஹுல்டா தைத்ததையெல்லாம் பிரித்து, புதிதாகத் தைத்து வைப்பார்கள். மறுநாள் ஹுல்டா வந்து தன் பாகத்தைத் தடவிப் பார்த்து, நேற்று நல்லா வந்திருக்கு என்பாள். எல்லோரும் ஆமாம் என்பார்கள். பிரிக்கிற கத்தியை நூலுக்கு அடியில் துணியில் படாமல் நுழைப்பது எப்படி என்று ஆர்டிஸ் கற்றுக்கொண்டது ஹுல்டாவின் தையலில்தான். ஹுல்டா கடைசிவரை தெரியாமலே செத்துப்போனாள் என்று சொல்லிக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை மீன் விருந்து முடிந்ததும் ஆர்டிஸ் சீக்கிரம் வீட்டுக்குப் போய்விட்டாள். கூடைகளில் வைக்க லெஃப்சே என்கிற உருளைக்கிழங்கு ரொட்டி சுட வேண்டியிருந்தது. அவள் கிளம்பும்போது அடுக்களையில் வெர்லீனும் நடீனும் ஏப்ரன் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"நீ போடி, பாத்திரத்த நாங்க பாத்துக்கறோம்" என்று வெர்லீன் சொன்னாள்.

அந்த வார்த்தை இப்போது புரிந்தது. ஆக, தான்தான் இப்போது ஹுல்டா.

அன்று மாலை லாய்ட் சாப்பாட்டு மேஜையில் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே, "ஒங்க சட்டம் இருக்கே, நேத்து அந்தக் கதவுல..." என்று தொடங்கினான்.

"சட்டத்தப் பத்தி எங்கிட்ட பேசாதீங்க."

"இல்ல, நாங்க நாலுபேரு தூக்கி..."

"பேசாதீங்கன்னேன்."

லாய்ட் மசித்ததில் வெண்ணெயை விட்டான். அவனுக்கு உருளைக்கிழங்கு இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் ஆர்டிஸ் விளக்கடியில் ஒரு பழந்துணியை எடுத்து ஒரு கோடு தைத்துப் பார்த்தாள். தன் கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தது. ஹுல்டாவின் கண்ணுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். துணியை அடுப்பில் போட்டாள்.

வியாழக்கிழமை மதியம் எல்லோரும் மடிப்போர்வைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு முதியோர் இல்லத்துக்குக் கிளம்பினார்கள். போர்வையைக் கொடுத்துவிட்டு, ஒவ்வொருவர் மடியிலும் விரித்து, இரண்டு பாட்டுப் பாடிவிட்டு வருவது வழக்கம். ஆர்டிஸ் தொண்டையைப் பிடித்துக்காட்டி, கிழவர்களுக்குச் சளி ஒட்டிவிடும், நான் வரவில்லை என்றாள். வெர்லீன் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். இந்தக் கரிசனம் வேறு.

கார்ச்சத்தம் அடங்கியதும் ஆர்டிஸ் கதவைச் சாத்திவிட்டு, விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு, பிரிக்கிற கத்தியை எடுத்தாள்.

ஒவ்வொரு தையலாக அறுத்தாள். நூல் அறுபடும்போது நகம் வெட்டுவதுபோல ஒரு சின்னச் சத்தம். உலை ஒருதரம் உறுமி நின்றது. பிரிக்கப் பிரிக்க, இவ்வளவு நெருக்கமாகப் போட ஒருத்திக்கு எப்படிக் கை வந்தது என்று அவளை அறியாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று நூல்நுனி தெரியவில்லை, பஞ்சுக்குள் ஒளித்திருந்தாள். ஒளிக்கிறவள்தான் என்று நினைத்துக்கொண்டாள். அறுந்த நூல்களை ஏப்ரன் பைக்குள் போட்டாள். பழைய ஊசித்துளைகள் தெரிந்தன. நகத்தால் தேய்த்து மூடினாள். பிறகு தன் தையலைப் போட்டாள், அவசரமில்லாமல், இடப்பக்கம் சாய்ந்த தையலாக. என் மூலை என் மூலையாகவே போகட்டும்.

அவர்கள் பனியை உதறிக்கொண்டு திரும்பி வந்தபோது அவள் காபி போட்டு வைத்திருந்தாள். முதியோர் இல்லத்தில் ஒரு கிழவர் போர்வையை வாங்கிக்கொண்டு வெர்லீனைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டாராம். எல்லோரும் சிரித்தார்கள். ஆர்டிஸும் சிரித்தாள். அன்றுதான் அவள் நன்றாகச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை நடீன் வந்து உட்கார்ந்து, வழக்கம்போல அந்த மூலைக்குக் கையை நீட்டினாள். விரல் நின்றது.

ஆர்டிஸ் தன் ஊசியைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடீனின் கழுத்திலிருந்து சிவப்பு ஏறிக் காதுவரை போனது. பிடிபட்டவள் முகம் அப்படித்தான் ஆகும் என்று ஆர்டிஸ் நினைத்தாள். ஆனால் பிடிபட்டவள் தலையைக் குனிவாள். பேருந்தில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறாள். நடீன் குனியவில்லை. தலையை நிமிர்த்தி, சட்டத்தைச் சுற்றி இருந்த ஒவ்வொரு முகத்தையும் வரிசையாகப் பார்த்தாள். அப்புறம் அங்குஸ்தானைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து, பள்ளிக்கூடப் பெண்கள் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த மேஜைக்குப் போய்விட்டாள்.

என்ன ஆச்சு என்று வெர்லீன் கேட்டதற்கு, கண் வலிக்கிறது என்று பதில் வந்தது.

அந்தப் பார்வை ஆர்டிஸுக்குப் பிடிக்கவில்லை. அன்று முழுக்க ஊசியில் நூல் கோக்கும்போதெல்லாம் அது வந்து நின்றது. திருடியின் பார்வை இல்லை அது. திருட்டுக் கொடுத்தவள் பார்வை மாதிரி இருந்தது. அந்த அளவுக்கு நடிக்கத் தெரிந்தவள் என்றால் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை போர்வையைச் சட்டத்திலிருந்து அவிழ்த்து, நீள மேஜையில் பின்புறம் மேலாக விரித்தார்கள். ஓரம் மடித்துத் தைக்க வேண்டியதுதான் பாக்கி. மாடியில் பிள்ளைகள் ஒத்திகைக்குத் தடதடவென்று ஓடினார்கள். நடீன் அடுத்த மேஜையில் கோட்டோடு நின்றபடியே கையுறைகளைக் கூடைகளில் அடுக்கிக்கொண்டிருந்தாள். சீக்கிரம் போக வேண்டும் என்று வந்ததுமே சொல்லியிருந்தாள்.

"இது யாரோட ரத்தம்?" என்றாள் வெர்லீன். "யாரோடதோ அவ வந்து எச்சில் வெச்சு எடுக்கட்டும். நான் வெச்சா போகாது."

ஆர்டிஸ் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு போய்ப் பார்த்தாள். கடுகளவு மங்கல். சுற்றிலும் இடப்பக்கம் சாய்ந்த தையல்.

மேஜையின் மறுகோடிக்கு நடந்து போனாள். அங்கேயும் இடப்பக்கம் சாய்ந்த தையல். நேற்று முன்தினம் அவள் போட்டது. எதிரெதிர் மூலை இரண்டும் அவள் கை. அந்தச் சின்னக் குருணைத் தையல் மூலையில் எங்குமே இல்லை. பக்கவாட்டில், ஒரு மூலையிலிருந்து தொடங்கி வந்ததுபோலக் கொஞ்சதூரம் ஓடி, வெள்ளிக்கிழமையோடு நின்றுபோயிருந்தது.

"இந்தச் சட்டத்த யாரு திருப்பினது?" குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி கேட்டாள்.

"ஒன் புருஷனும் அவன் கூட்டமுந்தான்" என்றாள் வெர்லீன். "விருந்துக்காகத் தூக்கி ஞாயிறுப்பள்ளி ரூம்ல வெச்சாங்க இல்ல. திருப்பிக் கொண்டாரும்போது கதவுல சிக்கிக்கிச்சு. இந்தக் கோடி அந்தக் கோடியாப் போற மாதிரி சுத்தித்தான் கொண்டாந்தாங்க. லாய்ட் சொல்லலையா?"

"சொல்லல."

"புதன்கிழம நாங்கல்லாம் அவங்கவங்க தையல் இருக்கிற பக்கமாத் தேடி மாறி உக்காந்தோமே. நீதான் ஒலைப்பக்கத்த விட்டு நகரல. சரி, கால் குளிருது போலன்னு விட்டுட்டோம்."

ஆக, வியாழக்கிழமை ஆர்டிஸ் பிரித்தது நடீன் திங்கட்கிழமை தைத்த மூலை. ஒரு விஷயம் உடனே விளங்கியது: வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. போர்வை முழுதாக இருக்கிறது. மாலையில் ஹோவ்லண்ட் பிள்ளைகள் அதன்மேல் படுத்துப் புரளுவார்கள். மூலையில் யார் கை என்று எந்தப் பிள்ளை கேட்கும்?

நடீன் கடைசிக் கூடையை மூடிவிட்டு, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெர்லீனிடம் வந்தாள். பண்டிகை முடிந்த பிறகு தன்னை எதிர்பார்க்க வேண்டாம் என்றாள்.

"ஏம்மா, என்ன கோவம்?"

"கோவமில்ல." பொத்தானையே பார்த்துக்கொண்டு பேசினாள். "எங்க ஊர்லயும் இந்தப் பழக்கம் உண்டு. கை சரியில்லாதவ வீட்டுக்குப் போன பெறகு பிரிச்சுடுவாங்க. எங்க அம்மாவோடதப் பிரிச்சிருக்காங்க. நீங்க மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம். நான் மொதல்லியே முடிச்சுப் போடற மேஜைக்குப் போயிருப்பேன்."

வெர்லீனுக்குப் புரியவில்லை. யார், எதை என்று ஒவ்வொருவர் முகமாகத் திரும்பினாள். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை ஒருத்தியிடமிருந்து ஒருத்திக்குத் தாவுவதை ஆர்டிஸ் பார்த்தாள். இன்னும் கொஞ்சநேரம் விட்டால் அந்த அறையில் யாரும் யாரையும் நம்பமாட்டார்கள்.

"இவங்க யாரும் இல்ல" என்றாள். "நாந்தான் பிரிச்சேன்."

"தெரியும்" என்றாள் நடீன்.

"எப்படி?"

"எடப்பக்கம் சாயுதே. ஒங்க கைன்னு பாத்ததும் தெரிஞ்சுது. இவங்கள்லாம் சேர்ந்து ஒங்களச் செய்யச் சொன்னாங்களான்னுதான் தெரியல."

"யாரும் சொல்லல. நீ என்னோடதப் பிரிச்சுட்டேன்னு நெனச்சேன்."

"ஒன்னோடத நாங்க எதுக்குடி பிரிக்கப் போறோம்?" என்றாள் வெர்லீன். அவளுக்கு நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது.

"ஹுல்டாவோடத எதுக்குப் பிரிச்சோம்?"

சிரிப்பு நின்றது. அடுக்களையில் யாரோ குழாயைத் திறந்தவள் மூட மறந்து நின்றாள். மேலே ஒரு பிள்ளை மேய்ப்பனின் வசனத்தைத் தப்பாகச் சொல்ல, போதகரின் மனைவி திருத்தினாள்.

நடீன் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டாள். விளக்கை அந்த மூலைக்கு நகர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பிரிக்கிற கத்தி யார்கிட்ட இருக்கு?"

ஆர்டிஸ் ஏப்ரன் பைக்குள் கையை விட்டாள். கத்தியோடு வியாழக்கிழமை நூல்துண்டுகளும் வந்து மேஜையில் விழுந்தன. நடீன் அவற்றைப் பார்த்தாள். கையால் ஒதுக்கி ஓரமாகக் குவித்தாள், கீழே தள்ளவில்லை. பிறகு ஆர்டிஸின் தையலை அறுக்கத் தொடங்கினாள்.

அந்தச் சத்தம் இந்தப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேறு மாதிரி இருந்தது. ஆர்டிஸ் எழுந்து போகவில்லை. சட்டம் இல்லாததால் துணி தளர்ந்து மடங்கியது. இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்து இழுத்து விறைப்பாக வைத்துக்கொண்டாள். வேண்டாம் என்று நடீன் சொல்லவில்லை. மற்றவர்கள் மிச்ச மூன்று பக்கங்களிலும் ஓரம் மடித்துத் தைத்தார்கள். நேரம் போய்க்கொண்டிருந்தது, ஹோவ்லண்ட் பிள்ளைகளை அழைத்து வர யார் கார் போகும் என்று மட்டும் இரண்டுபேர் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள்.

பிரித்து முடித்து, நடீன் தைக்க ஆரம்பித்தாள். ஆர்டிஸ் ஒரு கையை விட்டு, ஊசிகளில் நூல் கோத்து வரிசையாக வைத்தாள். நடீன் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டாள். எடுக்கும்போது ஒவ்வொரு நூலின் முடிச்சையும் ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தாள். அதை ஆர்டிஸ் கவனித்தாள். அந்த இடத்தில் தான் இருந்தாலும் இழுத்துப் பார்த்திருப்பாள்.

கடைசிக் கோட்டில் அவசரம் வந்தது. இரண்டுமுறை பிரித்த துணி; துளைகள் தளர்ந்திருந்தன. ஊசி வழுக்கி நடீனின் விரலில் ஏறியது. பின்துணியில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது.

ஆர்டிஸ் பழக்கத்தில் நூல்துண்டை எடுத்துத் தன் வாய்க்குக் கொண்டுபோனாள்.

"ஒங்க எச்சிலுக்குப் போகாது" என்றாள் நடீன். "இங்க குடுங்க."

நூலை வாங்கித் தன் வாயில் போட்டு நனைத்து, புள்ளியின்மேல் ஒற்றினாள். இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

"போச்சா?"

"கொஞ்சம் இருக்கு."

"எதிர்மூலையில ஒங்களோடது இருக்கு இல்ல?"

"இருக்கு."

"அப்ப இதுவும் இருக்கட்டும்" என்றாள் நடீன். "அடுத்த தடவ யார் மூலை எதுன்னு தேட வேண்டாம்."

மேலே மணி அடித்தது. வெர்லீன் போர்வையை மடிக்க வந்தாள். ஆர்டிஸ் ஒரு முனையைப் பிடித்தாள், நடீன் மறுமுனையை. மடித்து மடித்து நெருங்கி வந்தபோது இரண்டு மூலையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன. ஆர்டிஸ் கட்டைவிரலால் ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டாள். நடீன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.